இளம் ஐஸ் ஹாக்கி முன்கள வீரரின் திறன் எவ்வாறு மதிப்பிடப்படுகிறது?

கனடாவில் 2014ஆம் ஆண்டு இளம் ஐஸ் ஹாக்கி வீரர்களுக்கான உடல்திறன் சோதனை நடைபெற்றது. கம்பியைப் பற்றித் தொங்கியபடி உடலை மேலே இழுக்கும் 'புல்-அப்' பயிற்சியில், சாம் பென்னட் என்ற 17 வயது முன்கள வீரரால் ஒருமுறைகூடத் தம் உடலை உயர்த்த முடியவில்லை. அந்த ஆண்டு வட அமெரிக்க இளம் வீரர்களின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர் அவர். என்ஹெச்எல் எனப்படும் தேசிய ஹாக்கி லீக் அணிகளின் முன்னிலையில் நடந்த நிகழ்வு என்பதால், ஊடகங்களில் இச்செய்தி பல நாள்கள் பேசப்பட்டது. சில வாரங்களுக்குப் பின் நடந்த வீரர் தேர்வில் கால்கரி ஃபிளேம்ஸ் அணி அவரை நான்காவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. 2025ஆம் ஆண்டு ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, இறுதிக்கட்டச் சுற்றுகளில் 15 கோல்கள் அடித்து, மிகச் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதைப் பெற்றவரும் இதே பென்னட்தான்.

ஓர் இளம் வீரரிடம் எதை அளக்க வேண்டும், எதை எந்த வயதில் அளக்க வேண்டும் என்பது ஐஸ் ஹாக்கி விளையாடும் நாடுகளில் நீண்டகாலமாக விவாதிக்கப்படும் விஷயம். பயிற்சியாளர்களுக்கும் அணிகளின் தேர்வாளர்களுக்கும் மட்டுமன்றி, அதிகாலையில் குழந்தைகளைப் பனித்தளத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோருக்கும் இது முக்கியமான கேள்வி. ஒரு மதிப்பீட்டுத் தாளில் எழுதப்படும் சில வரிகள், அடுத்த ஆண்டு அந்தச் சிறுவன் எந்த அணியில், எந்தப் பயிற்சியாளரிடம், எத்தனை மணிநேரம் பனியில் இருப்பான் என்பதைத் தீர்மானித்துவிடுகின்றன.

முன்கள வீரரின் பணி என்ன?

நம் நாட்டில் ஹாக்கி என்றால் புல்தரை அல்லது செயற்கைத் தரை ஆட்டமே நினைவுக்கு வரும் என்பதால் சில அடிப்படைகளைச் சொல்ல வேண்டியுள்ளது. ஐஸ் ஹாக்கியில் ஒரு நேரத்தில் ஓர் அணியின் சார்பில் ஆறு பேர் களத்தில் இருப்பர். கோல்காப்பாளர் ஒருவர், தற்காப்பு வீரர்கள் இருவர், முன்கள வீரர்கள் மூவர். முன்கள வீரர்களில் நடுவில் ஆடுபவர் 'சென்டர்', இருபுறமும் ஆடுவோர் 'விங்கர்'. பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு பயன்படுகிறது. மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் கொண்ட அந்த வட்டின் எடை ஏறத்தாழ 160 கிராம். வட அமெரிக்கக் களம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. சுற்றிலும் பலகைச் சுவர் இருப்பதால் வட்டு எளிதில் வெளியே போகாது. ஆட்டமும் அடிக்கடி நிற்காது.

இந்த இடைவிடாத ஓட்டத்தால் வீரர்கள் முக்கால் நிமிடம் அளவுக்கு முழு வேகத்தில் ஆடிவிட்டு வெளியேறுவர்; அடுத்த மூவர் அணி உள்ளே வரும். 60 நிமிட ஆட்டத்தில் முன்னணி முன்கள வீரர் ஒருவர் களத்தில் இருப்பது சுமார் 20 நிமிடங்கள். அதிலும் அவருடைய மட்டையில் வட்டு இருக்கும் நேரம் மிகச் சிறிது. எஞ்சிய நேரம் முழுவதும் அவர் வட்டு இல்லாமல் என்ன செய்கிறார் என்பதே, அனுபவமுள்ள தேர்வாளர்கள் கவனிக்கும் முதல் விஷயம். பார்வையாளர் அரங்கில் இருக்கும் பெற்றோரின் கண்கள் வட்டின் பின்னே ஓடும். தேர்வாளரின் கண்கள் ஒரே வீரரின் மீது நிலைத்திருக்கும்.

முதலில் கால்கள்

முன்கள வீரரை மதிப்பிடும் எந்தத் தாளிலும் சறுக்குத் திறன் எனப்படும் 'ஸ்கேட்டிங்' முதலிடம் பெறுகிறது. ஆனால் நேர்கோட்டில் யார் வேகமாகச் செல்கிறார் என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பதுடன் இது முடிவதில்லை. நின்ற இடத்திலிருந்து முதல் மூன்று அடிகளில் எவ்வளவு வேகம் எடுக்கிறார், காலணிக் கத்தியின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டையும் ஒரே நம்பிக்கையுடன் பயன்படுத்துகிறாரா, இடப்புறமும் வலப்புறமும் ஒன்றுபோல் திரும்புகிறாரா, திரும்பும்போது வேகத்தை இழக்கிறாரா என்பவை தனித்தனியே பார்க்கப்படுகின்றன. முழங்கால் மடிந்து, இடுப்பு தாழ்ந்து, தலை நிமிர்ந்து சறுக்கும் சிறுவன் பத்து வயதில் மெதுவாக இருந்தாலும், அவனுடைய அடிப்படை சரியாக உள்ளது என்றே பயிற்சியாளர்கள் குறிப்பர்.

இன்னொரு சிறு குறிப்பும் உண்டு. வட்டு கைமாறியவுடன் வீரர் சட்டென நின்று திரும்பி ஓடுகிறாரா, அல்லது வளைந்து ஒரு பெரிய வட்டமடித்துத் திரும்புகிறாரா? நின்று திரும்புவது கடினம், தொடைகள் எரியும். வளைந்து வருவது எளிது; ஆனால் அதற்குள் எதிரணி இரண்டு அடி முன்னே சென்றுவிடும். உழைப்பு என்ற சொல்லை அளவிடக் கிடைக்கும் மிக நேர்மையான அடையாளங்களில் இதுவும் ஒன்று.

சறுக்குத் திறன் பிறவியிலேயே அமைவது, பின்னர் மாற்ற முடியாது என்ற எண்ணம் ஒருகாலத்தில் இருந்தது. அதை அசைத்தவர்களில் பிரேடன் பாயின்ட் ஒருவர். உயரம் குறைவு, வேகம் போதாது என்ற கருத்துகளுக்கிடையே 2014ஆம் ஆண்டு தேர்வில் 79ஆவது வீரராகவே தம்பா பே லைட்னிங் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த அணியின் சறுக்குப் பயிற்சியாளர் பார்ப் அண்டர்ஹில், 1984இல் இணையர் பனிச்சறுக்கு நடனத்தில் உலகப் பட்டம் வென்றவர். அவரிடம் பயின்ற பாயின்ட்டின் அடி வைக்கும் முறை மாறியது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் முக்கிய வீரராக விளங்கிய அவர், 2022-23 பருவத்தில் 51 கோல்கள் அடித்தார். இன்று அவரைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது அவருடைய வேகத்தைத்தான்.

மட்டையும் பார்வையும்

வட்டைக் கையாளும் திறன் இளம் வயதில் எளிதாகக் கண்ணுக்குத் தெரியும். அதனாலேயே ஏமாற்றவும் செய்யும். எதிரே நிற்பவர் அனைவரையும் ஏமாற்றிவிட்டுத் தனியாகக் கோல் அடிக்கும் 11 வயதுச் சிறுவன் கைதட்டல் பெறுவான். அடுத்த நிலைக்குச் சென்றதும் எதிரே நிற்பவர்களின் கைகள் நீளும், இடைவெளி சுருங்கும். அதே உத்தி பலிக்காது. எனவே தேர்வாளர்கள் வேறு சிலவற்றைத் தேடுகின்றனர். நெருக்கடியில் தலையைத் தாழ்த்தாமல் வட்டைக் காக்கிறாரா, முதுகையும் இடுப்பையும் கொண்டு எதிராளியை விலக்கி வைக்கிறாரா, மட்டையின் பின்புறத்தாலும் துல்லியமாக வட்டைத் தர இயலுமா, கோலை நோக்கி அடிக்கும்போது வட்டு மட்டையிலிருந்து எவ்வளவு விரைவில் கிளம்புகிறது என்பவை அவற்றுள் சில. அடியின் வலிமையைவிடக் கோல்காப்பாளருக்கு அது எவ்வளவு நேரம் தருகிறது என்பதே பெரிது.

மிகக் கடினமானது, ஆட்ட அறிவை மதிப்பிடுவது. வட்டு தன்னிடம் வரும் முன்பே வீரர் தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறாரா என்பது ஒரு தடயம். பார்ப்பவருக்கு அடுத்த முடிவு முன்கூட்டியே தெரியும். பார்க்காதவர் வட்டு வந்த பிறகே யோசிப்பார். எதிரணிப் பகுதிக்குள் வட்டைத் தட்டிவிட்டுப் பின்னால் ஓடுகிறாரா, கட்டுப்பாட்டுடன் கொண்டு செல்கிறாரா என்பது மற்றொன்று. 'ஃபோர்செக்' எனப்படும் நெருக்கடி ஆட்டத்தில் மூன்று முன்கள வீரர்களுக்கும் வெவ்வேறு பணிகள் உண்டு. முதலாமவர் வட்டு வைத்திருப்பவரை மடக்குவார். இரண்டாமவர் வட்டு செல்லக்கூடிய வழியை அடைப்பார். மூன்றாமவர் பின்னே உயரத்தில் நின்று, எதிர்த்தாக்குதல் தொடங்கினால் உடனே திரும்புவார். இந்த மூன்று இடங்களில் எதில் தாம் இருக்கிறோம் என்பதை யாரும் சொல்லாமலே உணரும் 14 வயது வீரர், புள்ளிப் பட்டியலில் பின்தங்கியிருந்தாலும் குறிப்பேட்டில் இடம்பெறுவார்.

வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் குவித்த வெயின் கிரெட்ஸ்கி பெரிய உடலமைப்போ அபார வேகமோ கொண்டவர் அல்லர். கனடாவின் பிரான்ட்ஃபோர்டு நகரில் வீட்டின் பின்புறம் தந்தை வால்டர் நீர் ஊற்றி உறையவைத்த தளத்தில் பழகியவர். வட்டு இருக்கும் இடத்துக்கு அல்லாமல், அது செல்லவிருக்கும் இடத்துக்குச் செல்ல அவர் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டார். பத்து வயதில் ஒரே பருவத்தில் 378 கோல்கள் அடித்தார் என்பதும் பதிவாகியுள்ளது. குழந்தைப் பருவ எண்ணிக்கைகள் எதிர்காலத்தைச் சொல்லிவிட்ட அரிய நிகழ்வு அது. அதை விதியாக எடுத்துக்கொண்ட பெற்றோர் பலர் பிற்பாடு ஏமாற்றம் அடைந்துள்ளனர்.

எண்கள் சொல்வதும் மறைப்பதும்

ஐஸ் ஹாக்கியில் கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு வழிவகுத்த உதவிக்கு ஒரு புள்ளி. ஒரே கோலுக்கு இருவர் வரை உதவிப் புள்ளி பெறலாம். முன்கள வீரரின் மதிப்பு பெரும்பாலும் இந்தக் கூட்டுத்தொகையைக் கொண்டே பேசப்படுகிறது. கானர் மெக்டேவிட் 2014-15இல் ஒன்டாரியோ இளையோர் லீக்கில் 47 ஆட்டங்களில் 120 புள்ளிகள் எடுத்தார். கானர் பெடார்டு 2022-23இல் மேற்குக் கனடா லீக்கில் 57 ஆட்டங்களில் 143 புள்ளிகள் எடுத்தார். இருவரும் அவரவர் ஆண்டில் முதல் வீரராகத் தேர்வாயினர். இத்தகைய எண்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சிக்கல், இவர்களுக்கு அடுத்த படியில் நிற்கும் நூற்றுக்கணக்கானோரிடம்தான். ஒருவர் 80 புள்ளிகள் எடுத்தார் என்றால் அவற்றில் எத்தனை 'பவர் பிளே'யில் வந்தவை என்று பார்க்க வேண்டும். கிரிக்கெட்டில் உள்ள பவர் பிளே வேறு. இங்கு எதிரணி வீரர் ஒருவர் விதிமீறலுக்காக வெளியே அமரும் நேரத்தில் ஐவர் நால்வரை எதிர்த்து ஆடுவது. அதில் புள்ளி சேர்ப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஐவருக்கு ஐவர் என்ற நிலையில் எடுத்த புள்ளிகளும், கோலுக்கு நேர் முந்தைய உதவியும் கூடுதல் மதிப்புடையவை. உடன் ஆடியவர்கள் யார், அவர்கள் வயதில் மூத்தவர்களா, பயிற்சியாளர் எவ்வளவு நேரம் களத்தில் வைத்திருந்தார் என்பவையும் கணக்கில் சேரும். களத்தில் இருக்கும்போது அணி அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழிக்கும் பழைய 'பிளஸ்-மைனஸ்' கணக்கு, பலவீனமான அணியில் ஆடும் நல்ல வீரரைத் தண்டிப்பதால் இப்போது அதிகம் நம்பப்படுவதில்லை.

எந்த லீக் என்பது இவை அனைத்தையும்விட முக்கியம். இளையோர் லீக்கில் எடுக்கும் ஒரு புள்ளியும், ஐரோப்பாவில் வளர்ந்த ஆண்களுக்கு எதிராக எடுக்கும் ஒரு புள்ளியும் சமமல்ல. ஒவ்வொரு லீக்கிலும் எடுத்த புள்ளிகள் என்ஹெச்எல் அளவில் எவ்வளவுக்கு நிகர் என்று கணக்கிடும் முறை இதற்காகவே உருவானது. மேக்ளின் செலப்ரினியின் பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2006 ஜூன் மாதம் பிறந்த இவர், 2022-23இல் அமெரிக்க இளையோர் லீக்கில் சிகாகோ ஸ்டீல் அணிக்காக 50 ஆட்டங்களில் 86 புள்ளிகள் எடுத்தார். அடுத்த ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தம்மைவிட நான்கைந்து வயது மூத்தவர்களுக்கு எதிராக 38 ஆட்டங்களில் 64 புள்ளிகள் சேர்த்தார். எதிராளிகளின் வயதும் வலிமையும் கூடியபோதும் ஆட்டத்துக்கான சராசரி பெரிதாகக் குறையவில்லை என்பதே தேர்வாளர்களுக்குக் கிடைத்த செய்தி. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருதை மிக இளம் வயதில், 17 வயதில், பெற்ற அவரை 2024 ஜூனில் சான் ஹோசே ஷார்க்ஸ் அணி முதல் வீரராகத் தேர்ந்தெடுத்தது. முதல் பருவத்திலேயே 70 ஆட்டங்களில் 63 புள்ளிகள் எடுத்தார்.

பிறந்த மாதம்

கனடாவில் சிறுவர் அணிகள் நாட்காட்டி ஆண்டின்படி பிரிக்கப்படுகின்றன. ஜனவரி 2ஆம் தேதி பிறந்த சிறுவனும் டிசம்பர் 30ஆம் தேதி பிறந்த சிறுவனும் ஒரே பிரிவில் ஆடுவர். எட்டு வயதில் ஏறத்தாழ ஓராண்டு வித்தியாசம் என்பது வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு. மூத்தவன் உயரமாகவும் வலுவாகவும் இருப்பான்; சிறந்த அணிக்குத் தேர்வாவான்; கூடுதல் பயிற்சியும் நல்ல பயிற்சியாளரும் கிடைக்கும்; அடுத்த ஆண்டு உண்மையாகவே சிறந்தவனாகிவிடுவான். இளையவன் திறனற்றவன் என்ற முத்திரையுடன் ஒதுங்குவான். கனடிய உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் 1980களின் நடுவில் இதைச் சுட்டிக்காட்டினர். மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய 'அவுட்லையர்ஸ்' நூல் இதை உலகெங்கும் பரப்பியது.

பலர் அறியாத மறுபக்கம் ஒன்று உண்டு. 1980 முதல் 2007 வரை என்ஹெச்எல் அணிகள் தேர்ந்தெடுத்த கனடிய வீரர்களை ஆராய்ந்து 2013இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியான கட்டுரையின்படி, அவர்களில் சுமார் 36 விழுக்காட்டினர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தோர் 14.5 விழுக்காடு மட்டுமே. ஆனால் தேர்வான பின் நீண்டகாலம் ஆடுவதிலும் புள்ளிகள் எடுப்பதிலும், பிற்பாதியில் பிறந்தவர்கள் தாங்கள் தேர்வான இடத்தை விஞ்சிச் சாதித்திருந்தனர். அதாவது, சிறுவயதில் நடந்த பிழையை 18 வயதில் தொழில்முறைத் தேர்வாளர்களும் அப்படியே தொடர்ந்தனர். பல கோடி டாலர் செலவிடும் அணிகளே பிறந்த தேதியைச் சரியாகப் படிக்கவில்லை என்றால், மாலையில் வேலை முடித்து வந்து தேர்வு நடத்தும் உள்ளூர்த் தன்னார்வப் பயிற்சியாளரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

என்ஹெச்எல் தேர்வுக்கு வேறொரு எல்லைக்கோடும் உள்ளது. அந்த ஆண்டு செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பாலைவன மாநிலமான அரிசோனாவில் வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ் 1997 செப்டம்பர் 17இல் பிறந்தவர். இரண்டு நாள்களால் 2015ஆம் ஆண்டுத் தேர்வைத் தவறவிட்டார். கிடைத்த ஓராண்டில் சுவிட்சர்லாந்தின் முதல்நிலை லீக்கில் ஆண்களுடன் ஆடி 36 ஆட்டங்களில் 46 புள்ளிகள் எடுத்தார். 2016இல் முதல் வீரராகத் தேர்வானார். எனவே ஒரே ஆண்டுத் தேர்வில் நிற்கும் இருவரை ஒப்பிடும்போது, மாதக் கணக்கில் வயதை எழுதிக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது.

வளரும் உடல்

பிறந்த தேதி ஒன்றாக இருந்தாலும் உடல் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒரு சிறுவன் 12 வயதிலும் மற்றொருவன் 15 வயதிலும் திடீரென உயரலாம். விரைவாக உயரும் மாதங்களில் கால்கள் சொன்னபடி கேட்பதில்லை. நேற்று நன்றாகச் சறுக்கியவன் இன்று தடுமாறுவான். அந்தப் பருவத்தில் எழுதப்படும் மதிப்பீடு அவனுடைய திறனைவிட அவனுடைய எலும்புகளைப் பற்றியே அதிகம் சொல்கிறது. பெற்றோரின் உயரத்தைக் கேட்டறியும் தேர்வாளர்களும் உண்டு.

உடலால் மோதித் தடுக்கும் 'பாடிசெக்கிங்' எப்போது அனுமதிக்கப்பட வேண்டும் என்ற விவாதமும் இதனுடன் இணைந்தது. 11, 12 வயதினருக்கு மோதல் அனுமதிக்கப்பட்ட ஆல்பர்ட்டா மாகாணத்தையும், அனுமதிக்கப்படாத கியூபெக் மாகாணத்தையும் ஒப்பிட்டு 2010இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு, முந்தைய இடத்தில் காய அபாயம் மும்மடங்குக்கும் மேல் என்று கண்டது. இதையடுத்து அமெரிக்கா 2011இலும் கனடா 2013இலும் அந்த வயதுப் பிரிவில் மோதலை நீக்கின. மோதலை முன்கூட்டியே பழகாவிட்டால் பின்னர் அஞ்சுவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. காயமின்றிக் கிடைத்த அந்த இரண்டு ஆண்டுகளில் வட்டைக் கையாளவும் சிந்திக்கவும் சிறுவர்களுக்கு இடம் கிடைத்தது என்பதே மாற்றத்தை ஆதரிப்போரின் பதில். சிறிய உடலமைப்புள்ள முன்கள வீரர்கள் விளையாட்டைவிட்டு விலகாமல் தொடர இது உதவும் என்ற வாதம் வலுவானது.

தவறிய கணிப்புகள்

மேத்யூசைப் போல முதலிடத்தில் தேர்வான எல்லோரும் நிலைத்துவிடவில்லை. 2012இல் முதல் வீரராகத் தேர்வான நைல் யாகுபோவ் என்ஹெச்எல்லில் ஆடியது 350 ஆட்டங்கள். எடுத்தது 136 புள்ளிகள். மறுபுறம், ஐந்தடி எட்டு அங்குல உயரமே கொண்ட மார்ட்டின் செயின்ட் லூயியை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. பல்கலைக்கழக ஆட்டத்திலிருந்து மெல்ல மேலேறிய அவர், 2004இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதையும் அதிகப் புள்ளிகளுக்கான விருதையும் பெற்றார். 2013இல் 37 வயதில் மீண்டும் அதிகப் புள்ளிகள் எடுத்தார். ரஷ்யாவின் பாவெல் தத்சியூக் 1998இல் 171ஆவது வீரராகவே தேர்வானார்.

ஷேன் ரைட்டின் கதை சற்று வேறுபட்டது. 15 வயதிலேயே ஒன்டாரியோ லீக்கில் ஆட 2019இல் அவருக்குச் சிறப்பு அனுமதி வழங்கப்பட்டது. முதல் பருவத்தில் 58 ஆட்டங்களில் 66 புள்ளிகள் எடுத்தார். 2020-21இல் கொரோனா பெருந்தொற்றால் அந்த லீக் முழுமையாக நின்றுபோனது. வளர்ச்சியின் முக்கியமான ஓராண்டைப் பனித்தளத்துக்கு வெளியே கழித்துத் திரும்பியவர், மூன்று ஆண்டுகள் முதலிடத்துக்கு உரியவராகப் பேசப்பட்டும் 2022இல் நான்காவதாகவே தேர்வானார். முதலிடம் பெற்ற ஸ்லோவாக்கியாவின் யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி, ஃபின்லாந்து லீக்கில் 31 ஆட்டங்களில் எடுத்தது வெறும் 10 புள்ளிகள். ஆனால் 17 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஏழு கோல்கள் அடித்திருந்தார், உடலமைப்பும் இருந்தது. நெடுங்காலம் கவனிக்கப்பட்டவரின் குறைகள் மட்டுமே கண்ணில் படுவதும், புதிதாக வந்தவரின் வாய்ப்புகள் மட்டுமே தெரிவதும் தேர்வாளர்களுக்குள்ள பழைய நோய்.

இந்திய வம்சாவளியினரில் குறிப்பிடத்தக்கவர் அர்ஷ்தீப் பெய்ன்ஸ். கனடாவின் சர்ரே நகரைச் சேர்ந்த பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த இவரையும் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்வுக்குரிய வயது கடந்தபின், 2021-22 பருவத்தில் மேற்குக் கனடா லீக்கில் 112 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தார். வான்கூவர் கனக்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. 2024 பிப்ரவரியில் என்ஹெச்எல்லில் முதல் ஆட்டம் ஆடினார். 18 வயதில் எழுதப்பட்ட அறிக்கையுடன் நிறுத்தியிருந்தால் இவர் பெயரே தெரிந்திருக்காது.

பதினான்கு வயதில் ஒரு தேர்வு

என்ஹெச்எல் தேர்வு 1963இல் தொடங்கியது. இன்று 32 அணிகள் ஏழு சுற்றுகளில் 224 பேரைத் தேர்ந்தெடுக்கின்றன. அணிகள் பகிர்ந்துகொள்ளும் மையத் தேர்வகம் 1975 முதல் வீரர்களின் தரவரிசையை வெளியிட்டு வருகிறது. ஆனால் பல கனடியச் சிறுவர்களுக்கு உண்மையான முதல் தீர்ப்பு அதற்கும் முன்பே வந்துவிடுகிறது. மேற்குக் கனடா லீக் 15 வயது நிறையும் ஆண்டிலேயே வீரர்களைத் தேர்ந்தெடுக்கிறது. யூகோன் பகுதியைச் சேர்ந்த கேவின் மெக்கென்னா 2022இல் அத்தேர்வில் முதலிடம் பெற்றபோது அவருக்கு வயது 14. அவர் தேர்ந்த வீரராகவே வளர்ந்து, 2024-25இல் 56 ஆட்டங்களில் 129 புள்ளிகள் எடுத்தார். எனினும் அதே பட்டியலில் இடம்பெற்ற, இடம்பெறாத பிற சிறுவர்களின் பெயர்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

இதன் சுமை குடும்பங்களின் மேல் விழுகிறது. காலணி, மட்டை, தலைக்கவசம், தளக் கட்டணம், பயணம், தனிப்பயிற்சி என்று செலவு மிகுந்த விளையாட்டு இது. கோடைக்கால முகாம் இல்லாவிட்டால் மகன் பின்தங்கிவிடுவான் என்ற அச்சத்தில் ஆண்டு முழுவதும் ஒரே விளையாட்டில் ஈடுபடுத்துவது பெருகியுள்ளது. இதற்கு மாற்றாக அமெரிக்க ஹாக்கி அமைப்பு 2009இல் புதிய வளர்ச்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. சிறுவர்கள் முழுக் களத்தில் அல்லாமல் அதன் ஒரு பகுதியில் ஆட வேண்டும், பல விளையாட்டுகளை முயல வேண்டும், ஆட்டங்களைவிடப் பயிற்சி அதிகமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். களம் சிறுத்தால் ஒவ்வொருவரும் வட்டைத் தொடும் தருணங்கள் கூடும். நீண்ட ஓட்டத்தில் மட்டும் வெல்லும் பெரிய உருவச் சிறுவனின் சாதகம் குறையும். கனடாவும் இளஞ்சிறார் பிரிவுகளில் பாதிக் கள ஆட்டத்துக்கு மாறியது.

நல்ல பயிற்சியாளர் தரும் அறிக்கையில் இலக்கங்களைவிட வினைச்சொற்கள் அதிகம் இருக்கும். 'சறுக்குத் திறன்: 10க்கு 6' என்ற வரியால் 13 வயது வீரருக்குப் பயனில்லை. 'இடப்புறம் திரும்பும்போது நிமிர்ந்துவிடுகிறார். அதனால் பலகையோரத்தில் வட்டை இழக்கிறார்' என்ற வரியைக் கொண்டு அடுத்த வாரமே பயிற்சி வகுக்கலாம். ஒரே ஆட்டத்தைப் பார்த்து எழுதாமல், வலுவான அணிக்கு எதிராகவும் தோல்வியில் இருக்கும்போதும் பார்ப்பது, அக்டோபரிலும் பிப்ரவரியிலும் எழுதியவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது ஆகியவை தேவை. சொல்லிக்கொடுத்த ஒரு திருத்தத்தை எத்தனை வாரங்களில் ஆட்டத்தில் கொண்டுவருகிறார் என்ற வேகமே, பல தேர்வாளர்களின் பார்வையில், எதிர்காலத்தைச் சொல்லும் சிறந்த அளவுகோல்.

லடாக்கில்

இந்தியா 1989 முதல் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ளது. இங்கு இவ்விளையாட்டு பெரும்பாலும் லடாக்கைச் சார்ந்தே வாழ்கிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரின் கர்சூ, குபுக் குளங்கள் குளிர்காலத்தில் உறையும்போது ஆட்டம் தொடங்கும். வெயில் ஏறினால் முடிந்துவிடும். ராணுவம், இந்தோ-திபெத் எல்லைக் காவல்படை ஆகியவற்றின் அணிகள் வலுவானவை. அண்மை ஆண்டுகளாகக் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் ஐஸ் ஹாக்கி லேயில் நடைபெறுகிறது. டேராடூனில் 2011இல் கட்டப்பட்டு நீண்டகாலம் மூடிக்கிடந்த உள்ளரங்கப் பனித்தளம் 2025இல் மீண்டும் திறக்கப்பட்டுள்ளது. இந்திய மகளிர் அணி 2017இல் பாங்காக்கில் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றது. 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது.

கனடிய அளவுகோலை அப்படியே லடாக் சிறுமி ஒருத்தியின் மீது வைத்தால் கிடைக்கும் விடை தவறாகவே இருக்கும். ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள் மட்டுமே பனியில் இறங்கும் ஒருவரையும், பத்து மாதங்கள் உள்ளரங்கத்தில் பயிலும் ஒருவரையும் வயதை வைத்து ஒப்பிட இயலாது. பனியில் கழித்த மணிநேரத்தை வைத்து ஒப்பிடலாம். அவ்வாறு பார்க்கும் பயிற்சியாளர், கோடையில் சக்கரக் காலணியுடன் தார்ச்சாலையில் எவ்வளவு பழகினார், பருவத்தின் முதல் வாரத்துக்கும் கடைசி வாரத்துக்கும் இடையே எவ்வளவு முன்னேறினார் என்பதையும் குறித்துக்கொள்வார்.